ஊருக்கு ஒரு மர எலிவேட்டர்: இடிப்பதா, வைத்திருப்பதா?

புல்வெளிக்காரி:

வணக்கம். நாங்கள் இருப்பது கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், தென்மேற்கு மூலையில் ஒரு விவசாயக் கிராமம். கிட்டத்தில் பெரிய ஊர் என்றால் ஸ்விஃப்ட் கரண்ட், அதற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. நூறு பேர் கூட இல்லாத இடம், பெயரைச் சொன்னால் எந்த வீடு என்றே கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்காரர் பக்கத்து டவுனில் கம்பைன் (அறுவடை எந்திரம்), டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறார். எனக்கு அங்கேயே முதியோர் இல்லத்தில் வேலை.

விஷயம் இதுதான். ரயில்வே அவென்யூவில் ஒரு பழைய மரத் தானிய எலிவேட்டர் நிற்கிறது. லிஃப்ட் இல்லை, விவசாயியின் தானியத்தை வாங்கி உயரே ஏற்றிச் சேமித்து ரயிலில் விடும் கட்டடம். ஏழெட்டு மாடி உயரம் இருக்கும். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் வெகு காலமாயிற்று, தெருப் பெயரில்தான் ரயில் மிச்சம். அதை நடத்திய தானியக் கம்பெனி கைகழுவியபோது உள்ளூர் விவசாயி ஒருவர் வாங்கி விதைக் கோதுமை கொட்டி வைத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, இனி வேண்டாம் என்கிறார். ஊர் மன்றம் எடுத்துப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொள்வதா, இடித்துவிடுவதா என்று கூட்டம் போட்டார்கள். பாதி ஊர் வந்திருந்தது, அதாவது முப்பது நாற்பது பேர்.

கூரைத் தகடு காற்றில் பிய்ந்து கிடக்கிறது. உள்ளே புறா எச்சம் முழங்கால் அளவு. காப்பீட்டுத் தொகையைக் கேட்டதும் மன்றத்துக் கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தை ஊர் ஹாலின் கூரைக்குப் போட்டால் உருப்படும். கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் போஸ்ட் ஆபீஸில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஸ்கார்பரோ சிவா:

அக்கா, கோபிக்காதீங்க. ஹைவேயில் போகும்போது ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது? பழைய கிடங்கு. நம் ஊரில் பழைய ரைஸ் மில்லை யாராவது சின்னமாக வைத்துக்கொள்கிறார்களா?

புல்வெளிக்காரி:

சிவா தம்பி, இடிக்கலாம் என்று சொல்லும் நானே இப்போது அதற்காக வாதாட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

வெறும் கிடங்கு இல்லை அது. எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவர் முப்பது வருடத்துக்கு மேல் எலிவேட்டர் ஏஜென்ட்டாக, அதாவது கம்பெனிக்காக அதை நடத்துபவராக, இருந்தவர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, ஒருநாள் சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தோம்.

லாரி ஒரு பக்கச் சரிவில் ஏறி உள்ளே வந்து நிற்கும். தரையே எடை மேடை. எடை போட்டதும் லாரியின் முன்பக்கத்தைத் தூக்குவார்கள், தானியம் பின்னால் சரிந்து இரும்புக் கிராதி வழியே குழிக்குள் இறங்கும். குழியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு முடிவில்லாத பெல்ட், அதில் வரிசையாகத் தகர வாளிகள். அவை அள்ளிக்கொண்டு மேலே போய்க் கவிழும். உச்சியில் ஒரு திருப்புக்குழாய். கீழே நின்றபடியே ஒரு சக்கரத்தைத் திருகினால் எந்தக் குதிரில் விழ வேண்டுமோ அதில் விழும். ரயில் பெட்டி வந்து நின்றால் அதே தானியத்தை எடை போட்டுக் குழாய் வழியே பெட்டிக்குள் விடுவார்கள். மனிதன் மண்வெட்டி தொட வேண்டியதே இல்லை, பெட்டியின் மூலையில் சமப்படுத்துவதைத் தவிர.

சுவரைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். பலகையை நிறுத்தி வைத்து அடிக்கவில்லை. படுக்க வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் நீள ஆணி இறக்கியிருக்கிறார்கள், தரையிலிருந்து கூரை வரை. தானியம் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும், அந்த அழுத்தத்தைத் தாங்க அப்படி. சுமார் 30,000 புஷல் பிடிக்கும் என்றார். புஷலுக்கு 60 பவுண்டு கோதுமை, கணக்குப் போட்டால் 800 டன்னுக்கு மேல். தானியத் தூசி தீப்பிடித்து வெடிக்கும் என்பதால் எஞ்சினை மட்டும் தனிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் அவருடைய ஆபீஸும். குளிர்காலத்தில் ஊர் ஆண்கள் எல்லோரும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்களாம்.

இன்னொன்று. கோதுமையை ஒரு பிடி வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் மாவு கரைந்து போய் பசை மட்டும் சூயிங் கம் மாதிரி நிற்கும். நல்ல புரதம் உள்ள கோதுமை என்றால் நன்றாக இழுக்கும். பெரியவர் ஆய்வுக்கூடத்து ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மென்று பார்த்துத் தரம் சொல்லிவிடுவாராம். அதில் விவசாயிகளோடு தகராறும் வருமாம், தூசி தும்பு என்று எத்தனை சதவீதம் கழிப்பது என்று.

கோணமானி:

வினிபெக்கிலிருந்து எழுதுகிறேன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்கள் ஏன் இருந்தன என்று பார்த்தால்தான் ஏன் போகின்றன என்று புரியும். 1871இல் வினிபெக்குக்குச் சற்று மேற்கே ஒரு தீர்க்கரேகையை முதல் மெரிடியன் என்று வைத்து அளக்கத் தொடங்கினார்கள். நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக வெட்டினால் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1872இல் வந்த டொமினியன் நிலச் சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, மூன்று வருடம் குடியிருந்து, உழுது காட்டி, வீடும் கட்டினால் அந்தக் கால் பங்கு உங்களுக்கு. 11, 29 எண்ணுள்ள செக்‌ஷன்கள் பள்ளிக்கூடச் செலவுக்கு. 8ஆவது முழுவதும், 26இல் பெரும்பகுதியும் பழைய தோல் வியாபாரக் கம்பெனியான ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு. கனடியன் பசிபிக் ரயில்வேக்கு மட்டும் 2.5 கோடி ஏக்கர் கொடுத்தார்கள். ஆறு, மேடு, பள்ளம் எதையும் பார்க்காமல் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் ஒரு விவசாயியிடம் நிலம் எங்கே என்று கேட்டால் எண் வரிசையில்தான் சொல்வார்: வடகிழக்குக் கால், செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச், மூன்றாவது மெரிடியனுக்கு மேற்கு என்று.

பூமி உருண்டை, சதுரம் ஒட்டாது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு வைத்தார்கள். நேராகப் போகும் மண் ரோடு அங்கே திடீரென்று பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். இரவில் தெரியாமல் வேகமாக வந்தவர்கள் நேரே பள்ளத்தில்தான்.

இப்போது ஊருக்கு வருகிறேன். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப் போய்க் கொட்டிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் ரயில் கம்பெனி எட்டு பத்து மைலுக்கு ஒரு சைடிங் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம்) போட்டது. சைடிங் இருந்த இடத்தில் எலிவேட்டர், எலிவேட்டர் இருந்த இடத்தில் கடை, சீன உணவகம், பாங்க், சர்ச். ஊருக்குப் பெயர் யோசிக்கக்கூட நேரமில்லை. கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி ஆங்கில அகரவரிசையிலேயே வைத்துக்கொண்டு போனது: ஃபென்வுட், குட்ஈவ், ஹபர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெஸ்டாக் என்று. அந்தப் பக்கக் கடைசியில் ஸீனா, யங், ஸெல்மா. எக்ஸ், ஒய், ஸெட் கூட விடவில்லை!

ஆக, ஊர் செத்துவிட்டது என்று அழுவதில் அர்த்தம் குறைவு. ஒரு குதிரை ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்காகக் கட்டிய ஊர்கள் இவை. லாரி வந்த அன்றைக்கே பாதி ஊர்களுக்கு வேலை போய்விட்டது. மீதி எப்போது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

வட்டக்கச்சி:

ஐயா, நல்ல விளக்கம். ஆனால் கடைசிப் பந்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டினவனின் நோக்கம் வேறு, அங்கே இருந்தவனின் வாழ்க்கை வேறு. கம்பெனி கோதுமைக்காகத்தான் சைடிங் போட்டது, சரி. அந்தச் சனம் அங்கே கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, செத்து, புதைத்தும் இருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறை இருந்த இடத்தை "வேலை முடிந்தது, போ" என்று சொல்ல ரயில் கம்பெனிக்கு உரிமை இருக்கலாம், எங்களுக்கு இல்லை.

அது கிடக்கட்டும், லாரி வந்தது எப்போது? எலிவேட்டர்கள் போனது எப்போது? இடையில் ஐம்பது அறுபது வருசம் இருக்கிறதே.

கோணமானி:

நியாயமான கேள்வி. லாரி மட்டும் காரணம் இல்லை, தானியத்துக்கான ரயில் கட்டணமும்தான். 1897இல் ரயில் கம்பெனிக்கும் கனடிய அரசுக்கும் ஓர் ஒப்பந்தம், க்ரோஸ் நெஸ்ட் பாஸ் ஒப்பந்தம் என்பார்கள். அதிலிருந்து வந்த சலுகைக் கட்டணத்தில்தான் பல பத்தாண்டுகள் தானியம் துறைமுகத்துக்குப் போனது. கட்டணம் குறைவாக இருக்கும்வரை சின்னக் கிளைப் பாதைகளும் ஓடின, சின்ன எலிவேட்டர்களும் பிழைத்தன. 1980களில் தளர்த்தினார்கள். 1995இல் மானியத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். நில உரிமையாளர்களுக்கு ஈடாக மொத்தம் 160 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது வேகம். கிளைப் பாதைகளை மூடினார்கள். மெயின் லைனில் பெரிய கான்கிரீட் டெர்மினல்கள் வந்தன, நூறு பெட்டி ரயிலை ஒரே மூச்சில் நிரப்பக்கூடியவை. விவசாயி இப்போது பத்து மைலுக்குப் பதில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். 1933இல் மேற்குக் கனடாவில் 5,700க்கு மேல் எலிவேட்டர்கள் இருந்தன. இன்று நிற்பது அதில் சொற்பம்.

பண்ணையும் பெருத்துவிட்டது. அன்று குடும்பத்துக்கு 160 ஏக்கர், இன்று சஸ்காச்சுவானில் சராசரிப் பண்ணை 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. பத்து குடும்பம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் என்றால் ஸ்கூல் எப்படி நடக்கும், ஹாக்கி டீம் எப்படிச் சேரும்?

பருப்புச்சாமி:

தூத்துக்குடியில் பருப்பு வியாபாரம். இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் கோதுமை கோதுமை என்கிறீர்கள், சஸ்காச்சுவான் என்றால் எங்களுக்குப் பருப்பு. கனடாவில் விளையும் மைசூர்ப் பருப்பில் பெரும்பங்கு அங்கேதான்.

இது பழைய கதையும் இல்லை. 1970 வாக்கில்தான் அங்கே அதைப் பயிரிடவே தொடங்கினார்கள். சாஸ்கட்டூனில் உள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1978இல் 'லெயர்ட்' என்ற ரகத்தை வெளியிட்டார். அதிலிருந்து பிடித்தது வளர்ச்சி. அதற்கு முன் ஈரம் சேமிக்க நிலத்தை ஒரு வருடம் சும்மா உழுது போட்டு வைப்பார்கள். அந்த இடத்தைப் பருப்பு எடுத்துக்கொண்டது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் வைக்கும், அடுத்த வருடக் கோதுமைக்கு உரச் செலவு குறையும்.

2017 கடைசியில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதம், மைசூர்ப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதம் இறக்குமதி வரி போட்டது. இங்கே டெல்லியில் ஒரு கையெழுத்து, அங்கே விலை படுத்துவிட்டது.

புல்வெளிக்காரி:

அண்ணே, அந்த வருடக் குளிர்காலம் எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் டெல்லி அரசியலைத் தவிர வேறு பேச்சே இல்லை. என்னைப் பார்த்து "உங்கள் மந்திரி என்ன சொல்கிறார்?" என்று கேட்பார்கள். மந்திரி எனக்கு மாமா என்று நினைப்பு!

பருப்பு விதைத்ததும் வயல் முழுக்கப் பெரிய இரும்பு உருளை ஓட்டுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? செடி குட்டை, காய் தரையோடு ஒட்டித் தொங்கும். அறுக்கும்போது கம்பைனின் கத்தி மண்ணை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் ஒரு கல் சிக்கினால் போச்சு, என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. அதனால் முன்கூட்டியே உருளையால் கல்லை மண்ணுக்குள் அமுக்கி விடுகிறார்கள். அமுங்காத பெரிய கல்லைக் கையால் பொறுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மே மாதப் பாக்கெட் மணி அதுதான்.

வட்டக்கச்சி:

நாங்கள் இலங்கையில் சின்ன வயதிலிருந்து பாணோடு தொட்டுத் தின்ற பருப்பு, கப்பலில் வந்தது என்று தெரியும். எந்த வயலில் இருந்து என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நன்றி.

சாஸ்கட்டூன் மாணவன்:

எல்லோரும் 1871, 1872 என்று தொடங்குகிறீர்கள். அதற்கு முன் அந்த நிலம் யாருடையது? அதைச் சொல்லாமல் "பாரம்பரியம்" என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது.

தெற்கு சஸ்காச்சுவானின் பெரும்பகுதி 1874இல் ஃபோர்ட் கப்பெல்லில் பழங்குடி மக்களுக்கும் அரசுக்கும் இடையே கையெழுத்தான நான்காம் உடன்படிக்கைக்குள் வருகிறது. நடுப்பகுதி 1876இன் ஆறாம் உடன்படிக்கை. க்ரீ, சோட்டோ, நக்கோட்டா மக்கள் வாழ்ந்த இடம். அவர்கள் உணவே காட்டெருமை. 1880களின் தொடக்கத்தில் கனடியப் புல்வெளியில் மந்தைகள் காலி. பட்டினி. புதிதாக வந்து குடியேறிய பலருக்குக் கையில் வந்த முதல் காசு கோதுமையிலிருந்து இல்லை, வயலில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்பைப் பொறுக்கி விற்றதிலிருந்து. ரெஜைனா நகரம் இருக்கும் இடத்தில் மலையாகக் குவித்து ரயிலில் ஏற்றினார்கள், உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும்.

இன்னும் இருக்கிறது. ரிசர்வுகளில், அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களில், விவசாயத்துக்கு இறங்கிய பழங்குடி மக்கள் தங்கள் சொந்தத் தானியத்தை விற்கக்கூட அரசு ஏஜென்ட்டின் பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. 1889இலிருந்து சில வருடம், அவர்கள் எந்திரமே வாங்கக் கூடாது, கைக்கருவியால் மட்டும் செய்ய வேண்டும் என்று ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி கொள்கையே வைத்திருந்தார். பக்கத்து நிலத்து வெள்ளைக்காரர் பைண்டர் (கதிரை அறுத்துக் கட்டும் எந்திரம்) ஓட்டிக்கொண்டிருப்பார், இவர் அரிவாள் பிடிக்க வேண்டும். தானியம் விற்க அனுமதி வேண்டும் என்ற பிரிவைச் சட்டத்திலிருந்து எடுத்தது எப்போது தெரியுமா? 2014.

எலிவேட்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பக்கத்தில் வைக்கும் தகவல் பலகையில் இதுவும் இருக்க வேண்டும். யாருடைய கோதுமை உள்ளே வந்தது என்பதோடு, யாருடைய கோதுமையை உள்ளே விடவில்லை என்பதும்.

ஸ்கார்பரோ சிவா:

இது எனக்குத் தெரியாது. 2014ஆ?! உண்மையிலேயே தெரியாது.

கோணமானி:

மாணவன் சொல்வது சரி. நில அளவைக்காரர்கள் நாங்கள் அடித்த இரும்பு முளைகள்தான் அவர்களை வெளியே நிறுத்திய வேலிக்கு முதல் கால். துறையில் இருக்கும்போது யாரும் இதைப் பேசமாட்டார்கள்.

புல்வெளிக்காரி:

தம்பி, பலகை யோசனையை எழுதி மன்றத்துக்குக் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து ரிசர்விலிருந்து வரும் ஒரு பாட்டி இல்லத்தில் இருக்கிறார், பர்மிட் சீட்டு பற்றி அவர் அப்பா சொன்னதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது அவருக்குச் செய்தி இல்லை.

சரி, நான் ஏன் ஹால் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லவே இல்லை.

இங்கே எல்லாமே கமிட்டி. ஸ்கேட்டிங் ரிங்க்குக்கு ஒரு கமிட்டி, ஹாலுக்கு ஒன்று, கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. நூறு பேர் கூட இல்லாத ஊரில் இத்தனை கமிட்டி என்றால் ஒவ்வொருவரும் மூன்று நான்கில் இருக்க வேண்டும். வந்த புதிதில் என்னையும் சமையல் கமிட்டியில் போட்டுவிட்டார்கள், யாரும் கேட்கவில்லை, பட்டியலில் பெயர் இருந்தது. ஒரு சாவு விழுந்தால் யார் சாண்ட்விச், யார் பை, யார் காப்பிப் பாத்திரம் என்று அரை மணியில் போனில் முடிந்துவிடும். அறுவடை நேரத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்துக் கம்பைன்கள் எல்லாம் வரிசையாக அவர் வயலில் இறங்கும். அப்படி ஒரு நாள் எட்டு கம்பைன் ஒரே வயலில் ஏணிப்படி வரிசையில் போனதைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நன்றி சொல்ல அவர் மனைவி வாசலுக்கு வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பியாயிற்று. இத்தனைக்கும் அந்த எட்டில் இரண்டு பேருக்கு அவரோடு வேலித் தகராறு.

இதுதான் இந்த மண்ணின் சொத்து என்பது என் எண்ணம். இது சும்மா நல்ல மனசால் வந்ததும் இல்லை, தனியாக நின்றால் செத்துப்போவார்கள் என்பதால் வந்தது. தானியத்தைத் தனித்தனியாக விற்று ஏமாந்தவர்கள் ஒன்றுசேர்ந்து 1924இல் வீட் பூல் என்ற கோதுமைக் கூட்டுறவை ஆரம்பித்தார்கள். விளைச்சல் போன வருடம் டாக்டருக்குக் கொடுக்கப் பணமிருக்காது, டாக்டரும் ஊரைவிட்டுப் போய்விடுவார். அதனால் முனிசிபாலிட்டியே வரிப் பணத்தில் டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்தது. 1946இல் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் முழுக்க எல்லோருக்கும் மருத்துவம் என்று ஒரு திட்டம் வந்தது. அது ஓடிக் காட்டியது. 1962 ஜூலை 1ஆம் தேதி மாகாணம் முழுக்க வந்தது, பிறகு நாடே எடுத்துக்கொண்டது. ஸ்கார்பரோவில் சிவா தம்பி கார்டை நீட்டி டாக்டரைப் பார்க்கிறார் என்றால் அதன் வேர் எங்கள் பக்கத்து ஹால்களில் நடந்த கூட்டங்களில் இருக்கிறது.

எலிவேட்டரில் தானிய வியாபாரம் இல்லாமலே ஊர் இருபது வருடம் ஓடிவிட்டது. ஹால் கூரை ஒரு குளிர்காலம் இடிந்தால் இவர்கள் எங்கே கூடுவார்கள்?

வட்டக்கச்சி:

அக்கா, அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடுறீங்கள்? ஹாலும் வேணும், எலிவேட்டரும் வேணும். பத்து மைலுக்கு அப்பாலிருந்தே அந்த ஒன்றைப் பார்த்துத்தானே இதோ ஊர் வந்துவிட்டது என்று தெரியும்? அதை எடுத்துவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வானம்தான். பிறகு ஹாலுக்குள் யார் வந்து கூடுவது?

சாஸ்கட்டூன் மாணவன்:

முன்னுதாரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. மனிடோபாவில் இங்லிஸ் என்ற ஊரில் ஐந்து எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன, 1922இல் ரயில் வந்த காலத்திலிருந்து. தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆட்கள் தேடிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

மறுபக்கம் எங்கள் மாகாணத்தில் ஃப்ளெமிங். 1895இல் கட்டிய எலிவேட்டர், கட்டின இடத்திலேயே நின்றவற்றில் கனடாவிலேயே பழையது என்று பெயர். சீரமைப்பு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 2010 பிப்ரவரியில் எவனோ தீ வைத்துவிட்டான். காய்ந்த மரம், ஒன்றும் மிஞ்சவில்லை. புல்வெளிக்காரி அக்கா சொன்ன காப்பீட்டுத் தொகை ஏன் அவ்வளவு என்று இதிலிருந்து தெரியும்.

கோணமானி:

ஒரு கிளைக் கதை. மூஸ் ஜா நகரத்துக்குத் தெற்கே ஒரு மியூசியத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. ஆமாம், கடலே இல்லாத இடத்தில். டாம் சுக்கனென் என்ற பின்லாந்துக்காரர், 1930களின் வறட்சியில், மண்புயல் அடித்துக்கொண்டிருந்தபோது, ஆற்று வழியாக ஹட்சன் விரிகுடா போய் அங்கிருந்து பின்லாந்துக்கே போய்விடலாம் என்று தன் கையாலேயே கட்டினார். தண்ணீரில் இறங்கவே இல்லை. அவர் 1943இல் இறந்தார். பைத்தியம் என்று சொன்ன அக்கம்பக்கத்தார்களின் பேரன்மார்தான் இப்போது டிக்கெட் கொடுத்துக் காட்டுகிறார்கள். எதை ஊர் தன் சொத்து என்று பிற்பாடு கொண்டாடும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

பருப்புச்சாமி:

ஐயா, அந்த முப்பதுகளின் வறட்சி பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன்.

கோணமானி:

சுருக்கமாக. 1857இலிருந்து 1860 வரை ஜான் பாலிசர் என்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு, தெற்கே உள்ள முக்கோணப் பகுதி விவசாயத்துக்கு ஆகாத வறள்நிலம் என்று எழுதி வைத்தார். பிறகு வந்த மழை வருடங்களில் எல்லோரும் அதை மறந்தார்கள். முப்பதுகளில் மழை நின்றது, கோதுமை விலையும் விழுந்தது. பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டினார்கள். அன்றைய பிரதமர் பென்னட் பெயரை அந்த வண்டிக்கு வைத்துக் கிண்டல் செய்தார்கள். 1931இல் சஸ்காச்சுவானில் 9 லட்சத்து 21 ஆயிரம் பேர், நாட்டிலேயே மூன்றாவது பெரிய மாகாணம். நிறையப் பேர் மூட்டை கட்டி வடக்கே போனார்கள். 2021இல் 11 லட்சத்து 32 ஆயிரம். தொண்ணூறு வருடத்தில் அவ்வளவுதான் கூடியிருக்கிறது.

வீட்டைச் சுற்றி வரிசையாக மஞ்சள் பூப்பூக்கும் காரகானா புதர்கள் இருக்குமே, அது காற்றைத் தடுக்க. இந்தியன் ஹெட் என்ற ஊரின் அரசு நாற்றங்காலிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தார்கள். 2013இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இன்று ஆளில்லாத இடத்தில் அந்தப் புதர் சதுரமாக நின்றால், நடுவில் ஒரு வீடு இருந்தது என்று பொருள்.

புல்வெளிக்காரி:

கூட்டம் மறுபடி நடந்தது. முடிவு இப்போதைக்கு இரண்டுங்கெட்டான்: எலிவேட்டருக்கு ஒரு கமிட்டி! (வேறென்ன?) கூரைக்கு ஆகும் செலவை அவர்களே திரட்டினால் இரண்டு வருடம் அவகாசம், இல்லாவிட்டால் இடிப்பு. ஹால் கூரைக்குத் தனியாக மானியம் கேட்டு விண்ணப்பம் போகிறது, அதை நிரப்பும் வேலை என் தலையில். எடை மேடையின் தராசு, ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட தானியச் சீட்டுக் கட்டுகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துவது என்று மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். 1980இல் மாகாணத்தின் 75ஆம் ஆண்டுக்காக ஊர் ஊராக வரலாற்றுப் புத்தகம் போட்டார்களே, எங்கள் ஊர்ப் புத்தகத்திலும் குடும்பம் குடும்பமாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு இரண்டாம் பாகம் கொண்டுவரவும் பேச்சு. அதில் எங்களையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒரு வாரமாக யோசிக்கிறார், முதல் வரி வரவில்லை.

தகவல் பலகை விஷயத்தைப் பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் எதிர்க்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனார், சிகரெட்டுக்கா கோபத்திலா தெரியாது.

ஸ்கார்பரோ சிவா:

அக்கா, இவ்வளவு படித்தபிறகு ஒருதரம் வந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எப்போது வரலாம்? சாப்பாடு எப்படி? நான் சைவம்.

புல்வெளிக்காரி:

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்க ஊருக்கு ஊர் ஹாலில் அறுவடை விருந்து நடக்கும், அப்போது வாருங்கள். வெளியாள் உள்ளாள் என்று பார்க்க மாட்டார்கள், டிக்கெட் எடுத்தால் போதும். வான்கோழிதான் பிரதானம், ஆனால் உக்ரைன் குடும்பங்கள் இருக்கும் பக்கம் போனால் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகி இருக்கும், வெங்காயம் வதக்கிப் போட்டுத் தருவார்கள். மேலே பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருக்கலாம், கேட்டு வாங்குங்கள். முட்டைக்கோஸ் ரோலிலும் அரிசி மட்டும் வைத்தது ஒன்று, இறைச்சி வைத்தது ஒன்று, தட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பரிமாறும் பாட்டியையே கேளுங்கள், அவர்கள் கை வேலை.

மழை பெய்திருந்தால் கூகுள் காட்டும் குறுக்கு மண் ரோட்டில் மட்டும் இறங்காதீர்கள். இந்தக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் கார் நகராது, இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும். தார் ரோட்டிலேயே சுற்றி வாருங்கள். ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள், சாஸ்கட்டூன் பெர்ரி பை ஆறு மணிக்கு மேல் இருக்காது.